பத்து, பத்து, ஏழு

மார்ச் 3, திங்கள்

டேய் தம்பி,

நேற்று போனை நடுவில் வைத்தது நீ. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. கம்ப்யூட்டரில் வந்தாலும் கடிதம் கடிதம்தான். பாதியில் மூடாமல் கடைசி வரை படி.

போன வருஷம் எங்கள் தலைமையாசிரியரிடம் போய், "சார், என் தம்பி வேலை பார்க்கிற கம்பெனியில பிள்ளைங்களுக்குக் கணக்கு விளையாட்டு வெப்சைட் போட்டிருக்காங்க, மீன் குளம் விளையாட்டு அவனே செஞ்சது, பிள்ளைங்க தானா கத்துக்கும்" என்று வாய் விட்டவள் நான். யார் என்னைக் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. தம்பி பாசம். அவரும் வாங்கிப் போட்டார். தினமும் இருபது நிமிஷம் கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் உன் மீன்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை உங்கள் வெப்சைட் ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறது. தலைமையாசிரியர் அதை அச்செடுத்து ஆசிரியர் அறையில் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டுகிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு.

என் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு சிவப்பு. பட்டாணி. பிள்ளைகள் வைத்த பெயர், ஆள் அவ்வளவுதான் இருப்பாள். எட்டு வயது. நான் பலகையில் போடும் கணக்கை அவள் முதலில் முடிப்பதில்லை, ஆனால் தப்பாக முடித்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் பிள்ளைதான் உன் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே கடைசி. நான்கு மாதமாக இரண்டாம் படியிலேயே நிற்கிறாளாம்.

பதினான்காம் தேதி பட்டியல் முடிவாகிறது. சிவப்பில் இருப்பவர்களை அடுத்த வருஷம் பின்கட்டடத்து அறைக்கு அனுப்பப் போகிறார்கள். 'தனிக்கவனப் பிரிவு' என்று பெயர். கவனிக்க ஆள் கிடையாது, அதுதான் வேடிக்கை. அந்த அறைக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. உன் வெப்சைட்டில் ஏதோ கோளாறு. பார்த்துச் சரி செய்.

அக்கா


மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு,

போனை வைத்ததற்குக் காரணம், நீ என் மேலாளரின் நம்பரைக் கேட்டாய். எந்தத் தம்பியும் வைத்துவிடுவான்.

கோளாறு எதுவும் இல்லை. நாற்பதாயிரம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உன் பட்டாணிக்கு மட்டும் தனியாக ஓரவஞ்சனை செய்ய வெப்சைட்டுக்கு நேரமில்லை. நீ வழிகாட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாய், அதனால் விதியை நானே சொல்கிறேன். ஒரு சுற்றுக்குப் பத்துக் கேள்வி. எட்டோ அதற்கு மேலோ சரியாகப் போட்டால் அந்தச் சுற்றில் தேர்ச்சி. தொடர்ந்து மூன்று சுற்றில் தேர்ச்சி பெற்றால் அடுத்த படி. சரியான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி உருண்டை. மீன் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஓர் உருண்டை போட வேண்டும். விட்டு விட்டாவது மூன்று நாள் தீனி பாக்கி சேர்ந்தால் மீன் மல்லாந்துவிடும். (செத்துவிடும் என்று சொல்லக் கூடாது, மேலாளர் அந்தச் சொல்லைத் தடை செய்திருக்கிறார்.) சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாளெல்லாம் மீன்கள் தூங்கும். புது மீன் வேண்டுமென்றால் முட்டையை அமுக்கிக்கொள்ளலாம், முப்பது வரை. மேல் படிக்குப் போனால் புதிய, பெரிய குளம். ஒரே படியில் மூன்று மாதம் நின்றால் ரிப்போர்ட்டில் சிவப்பு. இதில் என்ன தப்பு?

உன் பிள்ளைகளை நீயே எடை போட்டால் எல்லோரும் மேதைகள்தான். என்னையும் மேதை என்று சொல்லித்தான் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு டபுள் ப்ரமோஷன் வாங்கிக் கொடுத்தாய். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை. வராத பிள்ளைகளும் உலகத்தில் உண்டு. கொஞ்சம் ஏற்றுக்கொள்.

தம்பி


மார்ச் 5, புதன்

தம்பி,

கணக்கு வரவில்லையா? இன்று மதியம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவளை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்டேன். பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு ஏழு பென்சில் என்றால் எத்தனை? மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எண்பத்தி நாலு டீச்சர்" என்றாள். நூறிலிருந்து முப்பத்தெட்டைக் கழி என்றேன். சொன்னாள். பதினைந்து கேட்டேன், பதினைந்தும் சரி. அவசரமே கிடையாது அவளுக்கு. கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி நிதானம்.

"அப்புறம் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏண்டி தப்பு தப்பாப் போடுறே?" என்று கேட்டேன்.

"அது வேற டீச்சர்" என்றாள்.

"என்ன வேற?"

டிபன் பாக்ஸ் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

அவள் உட்காரும் கம்ப்யூட்டரில் எட்டாம் நம்பர் பித்தான் இரண்டு தடவை அமுக்கினால்தான் விழும். அதுதான் காரணம் என்று நினைத்து வேறு இடத்தில் உட்கார வைத்தேன். அங்கேயும் அதே கதை. அறைப் பொறுப்பாளர் ஆசிரியர்களைப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. உதவி செய்துவிடுவோமாம்! பிள்ளைகளுக்கு உதவி செய்யாமல் இருக்கவா எனக்குச் சம்பளம்?

நேற்று அவள் அம்மா வந்தாள். சலவைக் கடையில் வேலை, கையெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் அனுப்பிய காகிதத்தை நான்காக மடித்துக் கொண்டு வந்து, "அந்த ரூம்ல என்ன சொல்லித் தருவாங்க டீச்சர்?" என்று கேட்டாள். நீ வந்து சொல்.

ஏற்றுக்கொள் என்று எனக்கு எழுதுகிற அளவுக்கு நீ பெரிய மனுஷனாகிவிட்டாய். இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது செய். இல்லாவிட்டால் உன் மேலாளர் நம்பரை நானே கண்டுபிடிப்பேன். உங்கள் வெப்சைட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

அக்கா


மார்ச் 6, வியாழன்

அக்கா,

உன் தொல்லை தாங்கவில்லை. இன்று ஆறு மணிக்கு உன் பட்டாணியின் கணக்கை நானே கையால் ஆறாம் படிக்குத் தூக்கி வைத்துவிட்டேன். அடுத்த ரிப்போர்ட்டில் பச்சையாக வரும். இப்படிச் செய்யக் கூடாது, தெரிந்தால் எனக்கு வேலை போகும். யாரிடமும் மூச்சு விடாதே.

போதுமா? இனி நிம்மதியாக இரு. என்னையும் இருக்க விடு.

தம்பி


மார்ச் 11, செவ்வாய்

தம்பி,

என்னடா செய்து வைத்திருக்கிறாய்?

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் அறைக்கு வரிசையாகப் போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு. பட்டாணி தன் பெயரை அமுக்கினாள். திரை நிறையப் பொட்டு பொட்டாக வெளிச்சம், தாரை ஊதுகிற சத்தம், 'ஆறாம் படிக்கு வாழ்த்துகள்' என்று எழுத்து. அப்புறம் பெரிய நீலக் குளம். உள்ளே ஒரே ஒரு மீன்.

அவள் திரையைப் பார்த்தாள். மேலே இருக்கிற பெயரைப் பார்த்தாள், தன்னுடையதுதானா என்று. பக்கத்துக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷமும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

நேற்று எழுத்துத் தேர்வு. ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள், தாளிலும் எழுதச் சொல்லிப் பார்க்கலாம் என்று நானே தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய தேர்வு. அதில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பெயர் மட்டும் எழுதியிருந்தாள். துரத்திக்கொண்டு போய்க் கைகழுவும் குழாயடியில் பிடித்தேன். "ஏண்டி ஒண்ணுமே எழுதல?" என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது எனக்கு, மறைக்கவில்லை.

அவள் கேட்டாள்: "சரியா போட்டா இன்னும் என்னென்ன போகும் டீச்சர்?"

எனக்குச் சுருக்கென்றது. மண்டையிலும் ஏறவில்லை, மனசையும் விடவில்லை. அவள் கணக்கு நோட்டை வாங்கி வந்து புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

10, 10, 8 வேண்டாம். போயிடும்.
9, 9, 7 = 25
10, 7, 10 = 27
10, 10, 7 = 27
27தான் பெரிசு. தினமும் 3 தடவைதான் மணி அடிக்கும் முன்னாடி முடியும்.
28வது முட்டை அமுக்கக் கூடாது. ஒருத்தர் பட்டினி.

அதற்குக் கீழே ஒன்று முதல் இருபத்தேழு வரை வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். வாலாட்டி, சோம்பேறி, டாக்டர், அம்மா மீன், பொய்க்கோபம். இருபத்தேழுக்கும் பெயர்.

எனக்குப் பாதி புரிகிறது. மீதி புரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. நீதானே செய்தாய் அந்தக் குளத்தை? நீயே சொல்.

அக்கா


மார்ச் 12, புதன்

அக்கா,

உன் கடிதத்தைக் காலையில் அலுவலகத்தில் படித்தேன். மதியம் வரை வேறு வேலை பார்க்கவில்லை. நான்கு மாதமாக அவள் போட்ட பதில்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இதை ஏன் உன் முதல் கடிதம் வந்த அன்றே செய்யவில்லை என்று கேட்காதே. நானே கேட்டுக்கொண்டேன்.

தினமும் மூன்று சுற்று. பத்து, பத்து, ஏழு. நான்கு மாதமும் ஒரு நாள் தவறாமல் அப்படியே. மூன்றாம் சுற்றில் முதல் ஏழு கேள்வி சரி, கடைசி மூன்று தப்பு. தப்பான பதில்கள் எல்லாமே சரியான பதிலைவிட ஒன்று அதிகம். ஆறு ஏழு நாற்பத்து மூன்று. எட்டு எட்டு அறுபத்தைந்து. தெரியாமல் தப்புச் செய்கிறவருக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. சரியான விடையைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒன்றை வைத்திருக்கிறாள்.

காரணம் என் குளம். மேல் படிக்குப் போனால் புதிய, பெரிய குளம் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, பழைய குளம் என்னவாகும் என்று எழுதவில்லை. அழிந்துவிடும். மீனோடு. அப்படித்தான் செய்திருந்தேன், எதற்கு வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு என்று. இரண்டே நிமிஷம் யோசித்து எடுத்த முடிவு. மற்ற பிள்ளைகள் முதல் தடவை அழுதுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இவள் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தபோது பன்னிரண்டு மீன்களை இழந்திருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்திருப்பாள், இனி ஒன்றையும் விடுவதில்லை என்று.

இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 'ஒரு குளத்தில் முப்பது மீன் வரை' என்று எங்கள் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறோம். மூன்று சுற்றில் முப்பது தீனி வேண்டுமென்றால் எல்லாமே சரியாகப் போட வேண்டும். எல்லாமே சரியாகப் போட்டால் மேல் படிக்குப் போய்க் குளம் அழிந்துவிடும். ஆக முப்பது மீனை யாராலும் வைத்துக்கொள்ள முடியாது. இருபத்தேழுதான். இங்கே பதினோரு பேர், எல்லோரும் பெரிய பெரிய படிப்பு, இரண்டு வருஷமாக ஒருவர்கூட இதைப் போட்டுப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குத்தான் நாங்கள் சிவப்பு கொடுத்தோம்.

போன வியாழக்கிழமை, நான் கை வைப்பதற்கு முன், நான்கு மணிக்கு எடுத்த பேக்கப் நகல் இருக்கிறது. அதிலிருந்து குளத்தை மீட்கலாம். ஆனால் மேலாளர் அனுமதி வேண்டும், அதற்கு நான் கையால் செய்த திருட்டு வேலையைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். தலைமையாசிரியருக்கும் தப்பு எங்களுடையதுதான் என்று முறையாக எழுதித் தருகிறேன்.

இதை மட்டும் கேள். ஐந்தாம் வகுப்பில் என்னைக் கொண்டுபோய் விட்டபோது எனக்கு ஒருவரையும் தெரியாது. மேஜை என் மார்பு உயரம். இடைவேளையில் பழைய வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நிற்பேன். உள்ளே என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். மேலே போனால் பழையது போய்விடும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அதையே ஒரு விளையாட்டாகச் செய்து நாற்பதாயிரம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 13, வியாழன்

தம்பி,

தலைமையாசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை ஏதோ கிறுக்கி வெச்சிருக்கு. வெப்சைட் பொய் சொல்லுமா டீச்சர்?" என்கிறார். பிள்ளை பொய் சொல்லும், நான் பொய் சொல்வேன், வெப்சைட் மட்டும் சொல்லாது! கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, பட்டியலைத் திங்கள்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாதாம். உன் கடிதமும் குளமும் அன்று காலை இங்கே இருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அப்போது எனக்கு இருபது வயது, உன் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. இப்போது இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அக்கா


மார்ச் 16, ஞாயிறு

அக்கா,

மேலாளரிடம் வெள்ளிக்கிழமை சொன்னேன். திருட்டு வேலையைப் பற்றிச் சொன்னபோதுகூட அமைதியாக இருந்தார். முப்பது மீன் முடியாது என்றதும்தான் குதித்தார். "அப்போ நம்ம முதல் பக்கமே பொய்யா? யாரோ ஒரு வாண்டு நோட்டுல எழுதுனதை வெச்சு என்கிட்ட வந்து பேசுறியா?" என்றார். நீங்களே போட்டுப் பாருங்கள் என்று பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் குளம் விளையாட்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பெற்றோர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. அதில் பாதி எதைப் பற்றி என்று நினைக்கிறாய்? 'என் மகனின் மீன்கள் எங்கே?' இரண்டு வருஷமாக வந்துகொண்டிருக்கின்றன. நாங்கள் ஒரே பதிலைத்தான் அனுப்பியிருக்கிறோம்: 'வாழ்த்துகள், உங்கள் பிள்ளை முன்னேறிவிட்டது.'

கடைசியில் அனுமதி கொடுத்தார். குளத்தை மீட்டுவிட்டேன். இருபத்தேழும் இருக்கின்றன, நானே எண்ணினேன். தலைமையாசிரியருக்குக் கடிதம் இதோடு இருக்கிறது, அச்செடுத்துக் கொடு. நாளைக் காலை தைரியமாகத் திறக்கச் சொல்.

தம்பி


மார்ச் 17, திங்கள், காலை 11 மணி

டேய்!

தைரியமாகத் திறந்தோம். தலைமையாசிரியர், நான், அறைப் பொறுப்பாளர், நடுவில் பட்டாணி. உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு, "சரி, அந்தக் குளத்தைத்தான் பார்த்துடுவோமே" என்று தானே எழுந்து வந்தார். வராத மனுஷன் வந்தார். பட்டாணி தன் பெயரை அமுக்கினாள்.

இருபத்தேழும் மல்லாந்து கிடந்தன. வெள்ளை வயிறாக வரிசையாக.

"என்ன டீச்சர் இது, எல்லாம் செத்துப்போச்சு?" என்றார் தலைமையாசிரியர். எனக்கு அந்த நிமிஷம் நீ எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய வராதா உனக்கு? எண்ணினாயாம்! உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மாட்டாயா?

பட்டாணியைப் பார்க்கவே எனக்குப் பயம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழவில்லை. விரல்களை மடக்கி என்னமோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சாகல சார்" என்றாள். "குளத்துக்குப் பசிக் கணக்கு தப்பாயிருக்கு. நான் வியாழக்கிழமை கடைசியா தீனி போட்டேன். அதுக்கப்புறம் குளம் இல்லவே இல்லை. இப்போ திடீர்னு வந்ததால, இத்தனை நாளும் நான் போடலைன்னு நெனச்சுக்கிச்சு. அந்த நாளைக் கழிச்சா எழுந்துடும்."

"எத்தனை நாள்?" என்றார் அவர். கேட்டுவிட்டுத் தானே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து எண்ணி, "பதினொண்ணு" என்றார்.

"இல்ல சார், ஏழு. நடுவுல ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறு இருக்கு. அன்னிக்குத் தூங்கும், பசிக்காது."

அவர் பென்சிலை எடுத்துக் காலண்டர் மேலேயே ஒவ்வொரு கட்டமாகக் குத்திக்கொண்டு போனார். ஒரு தடவை எட்டு வந்தது. மறுபடி எண்ணினார். ஏழு. பிறகு சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து, மேஜை மேல் விரித்து, அவள் பெயரை அடித்தார். ஒரு கோடு போதாதென்று மூன்று கோடு. "டீச்சர், அந்த நோட்டை இன்னொரு தடவை கொடுங்க" என்றார்.

இதையெல்லாம் அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. "டீச்சர், அந்த அண்ணாகிட்ட ஏழுன்னு சொல்லுங்க, மறந்துடாதீங்க" என்று என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். ஏழு. உடனே செய்.

அக்கா


மார்ச் 17, திங்கள், மாலை

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் அறைப் பொறுப்பாளர் போன் செய்துவிட்டார். பதறிப்போய்த் தேதியைப் பார்த்து நானும் பதினொன்றைக் கழித்தேன். பசிக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே நான்கு போய், குளமே திறக்க மாட்டேன் என்றது. முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தபோது உன் கடிதம் வந்தது. ஏழு என்று மாற்றினேன். இருபத்தேழும் ஒரே நேரத்தில் திரும்பி நீந்தின. சனி ஞாயிறு தூங்கும் என்ற விதியை எழுதியதே நான்தான் என்பதை அவளிடம் சொல்லாதே.

மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் அறைக்குப் போய், அரை மணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தார். பத்து, பத்து, ஏழு என்று அவரே போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து முப்பதை எடுக்கச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமையிலிருந்து மேல் படிக்குப் போனாலும் பழைய குளம் அழியாது. எல்லாக் குளமும் கூடவே இருக்கும்.

என்னை இன்னும் புகார்ப் பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, இப்போது எழுத உருப்படியான பதில் இருக்கிறது.

தம்பி


மார்ச் 21, வெள்ளி

தம்பி,

நேற்று பட்டாணி மூன்று சுற்றும் பத்துப் பத்தாகப் போட்டாள். மூன்றாம் படி வந்ததும் உடனே பின்னால் போய்ப் பழைய குளத்தைத் திறந்து, விரலை வைத்து ஒன்று முதல் இருபத்தேழு வரை எண்ணினாள். பிறகு இருபத்தெட்டாவது முட்டையை அமுக்கினாள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'ஏழு'. இன்று நான்காம் படி. அறைப் பொறுப்பாளர் என்னைப் பக்கத்தில் உட்கார விடுகிறார் இப்போதெல்லாம்.

நிம்மதியாக இருக்க விட்டார்களா என்னை? இன்று மதியம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். நோட்டின் கடைசிப் பக்கத்தை நகலெடுத்துத் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார், ரிப்போர்ட் இருந்த இடத்தில். "இந்தப் புள்ளைக்கு நாலாம் வகுப்பே வேஸ்ட் டீச்சர். நேரா அஞ்சுல போட்டுடலாம். டபுள் ப்ரமோஷன். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, போதும்" என்றார். பத்து நாளைக்கு முன் பின்கட்டடத்துக்கு அனுப்ப இருந்த பிள்ளையை! இந்த மனுஷனுக்கு நடுவில் நிற்கவே தெரியாது.

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், தம்பி. பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மூடி வைத்துவிட்டு, பிள்ளையைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்றேன். "எட்டு வயசுப் பிள்ளையை என்ன கேக்கிறது?" என்றார். கூப்பிட்டனுப்பினேன்.

வந்து நின்றாள். நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள், வழக்கம்போல நிதானமாக.

"என் பெஞ்சுல இருக்கிறவங்களும் வருவாங்களா டீச்சர்?"

"இல்லடி. நீ மட்டும்தான்."

"அப்படின்னா பரீட்சையில ஏழு போட்டுக்கிறேன் டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுது புள்ளை?" என்றார். வேண்டாம் என்கிறாள் சார், என்றேன். அவள் எப்போதோ வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

உன்னை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. யாரும் என்ன, நான் கேட்கவில்லை. நீ ஜன்னலுக்கு வெளியே நின்றதும் எனக்குத் தெரியும். ஒருநாள் பார்த்தேன். பார்த்துவிட்டு, பழகிவிடும் என்று நினைத்துப் போய்விட்டேன். தப்பு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். நான் கத்தினால் நடுவில் வைத்துக்கொள்.

அக்கா